எழுத்துப் பிழையும் எழுத்து பிழைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் இணையத்தளம் கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். என்னிடம் கேள்வி கேட்பவர்கள் மூன்று வகை: ஞாயிற்றுக்கிழமை கோயில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், "எனக்கும் ஒரு தளம் வேண்டும் தம்பி" என்று வரும் கடைக்காரர்கள், சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் என் அத்தை மகன். ஒரே பதிலை நூறு முறை சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். எனக்குப் பிடித்த கேள்விகளுக்கு நீண்ட பதில். பிடிக்காதவற்றுக்கு இரண்டு வரி.

ஊர்ப் பெயர் யாங்கோன் என்று மாறிவிட்டதே, இன்னும் ரங்கூன் என்கிறீர்களே?

மாறியது ஆங்கிலப் பெயர், 1989இல். பர்மிய மொழியில் அன்றும் யாங்கோன்தான். எங்கள் வீட்டுத் தமிழில் ரங்கூன், பெகு, மோல்மேன். படிவத்தில் யாங்கோன் என்று நிரப்புகிறேன். பாட்டியிடம் ரங்கூன் என்கிறேன்.

நிரல் எழுத எங்கே கற்றீர்கள்?

கல்லூரியில் இல்லை. 2000களின் நடுவில் இங்கே மணிக்கணக்கில் காசு வாங்கும் இணைய மையங்கள் இருந்தன. உள்ளே போனால் முக்கால்வாசிப் பேர் ஜிடாக்கில் அரட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் திறப்பதற்குள் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அவ்வளவு பாடுபட்டுத் திறந்த பக்கத்தைச் சும்மா மூட மனம் வராது. அதன் மூல நிரலைப் பென் டிரைவில் சேமித்து வீட்டுக்கு எடுத்துப் போவேன். மாமாவின் கணினியில் ஒவ்வொரு வரியாக அழித்து, எது உடைகிறது என்று பார்ப்பேன். கட்டக் கற்பதற்கு முன் உடைக்கக் கற்றேன்.

பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடைகளும் ஓரளவு உதவின. 2010 ஜனவரியில் ரங்கூனில் முதல் பார்கேம்ப் கூடியது. கணினிக்காரர்கள் தாங்களே கூடிப் பேசிக்கொள்ளும் திறந்த கூட்டம் அது. 2006 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ஒரு பார்கேம்பில்தான் ஜான் ரெசிக் என்ற நிரலாளர், இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான ஜேகுவெரி என்ற நிரல் தொகுப்பை வெளியிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு ஜேகுவெரியைத் தவிர வேறு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது. எங்கோ ஒரு கூட்டத்தில் பிறந்ததை வைத்து இன்னொரு ஊர்க்காரன் சோறு தின்கிறான் என்பது அன்றைக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இன்றைக்கும் அந்த ஆச்சரியம் முழுதாகத் தீரவில்லை.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறதே, வைரஸா?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

வைரஸ் இல்லை. அந்தக் கோப்பில் தமிழே இல்லை, அவ்வளவுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. திரையில் மட்டும் அதன் இடத்தில் தமிழ் எழுத்தின் படம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் இருப்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ழகரத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. எழுத்துரு உள்ள கணினியில் ராஜபார்ட் வேடம். இல்லாத கணினியில் அரிதாரம் கலைந்த முகம்.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் நன்கொடையாளர் பட்டியலை இப்படித்தான் ஒரு பெரியவர் ஆண்டுக்கணக்கில் அடித்துவைத்திருந்தார். எழுத்துரு தமிழ்நாட்டிலிருந்து சிடியில் வந்தது. அது நிறுவப்பட்டிருந்தது ஒரே ஒரு கணினியில். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கணினி செத்தது. சிடி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வன்தட்டு மட்டும் உயிரோடு இருந்தது. கோப்பு முழுசாகக் கையில் இருக்கிறது, ஒரு பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. பூட்டின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் உலகப் பொதுமுறைக்கு, மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். ஒரு மாலை வேலை என்று நினைத்தேன். இரண்டு வார இறுதிகளை விழுங்கியது. முதல் சிக்கல் கொம்பு. பழைய முறையில் 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணில் தெரிகிற வரிசையில் அடிக்க வேண்டும். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. இதைச் சரிசெய்துவிட்டேன் என்று நிமிர்ந்தபோது ஔகாரம் வந்து நின்றது. பழைய எழுத்துருவில் 'கௌ' என்பதும் கொம்பு, க, ள என்றுதான் சேமிக்கப்படும். அந்த ள, ஔகாரத்தின் பின்பாதியா, தனி ளகரமா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? என் நிரலின் முதல் ஓட்டத்தில் கௌரிகளும் சௌந்தரங்களும் சரியாக வந்தார்கள். வெள்ளைச்சாமிகள் எல்லாரும் 'வௌ்ளைச்சாமி' ஆகிவிட்டார்கள். ளகரத்தின் மேல் புள்ளியோ அதை ஒட்டி உயிர்க்குறியோ இருந்தால் அது தனி எழுத்து, இல்லையென்றால் ஔகாரம் என்று ஒரு விதி போட்ட பிறகுதான் அவர்கள் பழைய உருவத்துக்குத் திரும்பினார்கள்.

மாற்றிய பட்டியலை அந்தப் பெரியவரிடமே கொண்டுபோனேன். கண் மங்கிவிட்டதால் நான் வாசிக்க அவர் கேட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். நிரலின் பிழை என்று நினைத்துக் குறித்துக்கொள்ளப் போனேன். "அது உன் பிழை இல்லை தம்பி, அன்றைக்கு நான் அடித்த பிழை. அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே" என்றார். திருத்தச் சொல்லிவிட்டு, அடுத்த பெயருக்குப் போகச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு தளத்தை எடுத்துக்கொண்டால், அதன் அழகைப் பார்ப்பதற்கு முன் எழுத்து என்ன குறிமுறையில் கிடக்கிறது என்றுதான் பார்க்கிறேன். வடிவமைப்பை ஐந்து வருடத்தில் எப்படியும் தூக்கிப் போடுவார்கள்.

பர்மிய எழுத்துக்கும் இதே தொல்லை இருந்ததாமே?

இதைவிடப் பெரிய தொல்லை. ஸோஜி என்று ஓர் எழுத்துரு. பர்மியக் கதைகளில் ஸோஜி என்றால் ரசவாதம் தெரிந்த காட்டு மாயாவி. நம் சித்தர் மாதிரி. பெயருக்கு ஏற்ற வித்தைக்காரன்தான்.

தமிழ் 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பிடித்துவிட்டது. பர்மிய எழுத்து 1999இல் 3.0 பதிப்பில் சேர்ந்தது. அதன் ஏற்பாடு ஒழுங்குக்கு வந்தது 2008இல் 5.1 பதிப்பில். அதுவரை ஊர் காத்திருக்குமா? இடையில் ஸோஜி வந்தது. பாமினி ஆங்கிலத்தின் இடத்தில் குடியேறியது என்றால், ஸோஜி யூனிகோடுக்குள்ளேயே குடியேறி, மோன், ஷான், கரேன் மொழிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் பர்மிய எழுத்தின் துண்டுகளை அடுக்கிக்கொண்டது. அவர்கள் தங்கள் மொழியை அடித்தால் பெரும்பான்மையோரின் கைபேசியில் குப்பையாகத் தெரியும். சிறுபான்மை மொழிக்காரனான எனக்கு இதில் கொஞ்சம் கூடுதலாகவே கோபம் உண்டு.

ஒரே சொல்லை ஸோஜியில் பல விதமாகச் சேமிக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்று. தேடினால் கிடைக்காது. ஒரு கடைக்காரரின் தளத்தில் சேலை பற்றிய பக்கம் கண்முன் இருந்தும் தேடல் பெட்டி 'இல்லை' என்று சாதித்தது. அவர் என்னைத்தான் சந்தேகப்பட்டார். 2019 அக்டோபர் 1ஆம் தேதியை யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவித்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. ஆனால் பழைய தரவுத்தளத்தில் எந்த வரி ஸோஜி, எந்த வரி யூனிகோடு என்று ஊகிக்கத்தான் வேண்டும். அதற்கென்று கூகிள் 2018இல் ஒரு கருவி வெளியிட்டது. நீண்ட வாக்கியத்தை நன்றாகக் கண்டுபிடிக்கும். இரண்டெழுத்துச் சொல்லைக் கொடுத்தால் அதற்கும் குழப்பம்தான்.

இதில் ஓர் இன்பமும் இருக்கிறது. நம் எகர ஏகாரக் கொம்பைப் போலவே பர்மியத்திலும் ஓர் உயிர்க்குறி, ஒலியில் பின்னால் வந்தாலும் எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும். இரண்டுமே பிராமியின் பேரப்பிள்ளைகள். கோயிலுக்காக நான் எழுதிய கொம்பு திருத்தும் நிரலைச் சிறிது மாற்றிப் பர்மியத்துக்கும் ஓட்டினேன். ஓடியது.

என் படிவத்தில் தமிழ்ப் பெயரின் கடைசி எழுத்து வெட்டுப்படுகிறது. ஏன்?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தமிழாசிரியர் மூன்று என்பார். ஜாவாஸ்கிரிப்ட் ஐந்து என்னும். மகரத்தின் கொக்கியையும் ழகரத்தின் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். வட்டில், யூனிகோடைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் அது 15 பைட் பிடிக்கும், ஒவ்வொன்றுக்கும் மூன்று வீதம். மூன்று பேர் சொல்வதும் சரி. எந்தக் கணக்கில் வெட்டுகிறோம் என்று தெரியாமல் வெட்டினால் 'தமிழ்' வந்து 'தமிழ' என்று நிற்கும். பைட் கணக்கில் வெட்டினால் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் மிஞ்சும்.

குறுஞ்செய்தியிலும் இதுதான் கதை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள், தமிழிலோ பர்மியத்திலோ 70. திருவிழா அறிவிப்பைத் தமிழில் அனுப்பிய ஒரு நிர்வாகக் குழு, கட்டணம் ஏன் மும்மடங்கு என்று என்னிடம் சண்டைக்கு வந்தது.

பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போடச் சொல்கிறார் வாடிக்கையாளர். போடலாமா?

போடாதீர்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐ.நா. பொதுச் செயலாளராக 1961 முதல் 1971 வரை இருந்தவரை உலகம் ஊ தாண்ட் என்றது. 'ஊ' என்பது மரியாதைச் சொல், நம் 'திரு' போல. அவருடைய பெயர் 'தாண்ட்' மட்டுமே. இன்றைய விமானப் பயணப் படிவத்தில் நட்சத்திரக் குறி போட்ட இரண்டாவது கட்டத்தில் அவர் எதை எழுதியிருப்பார்?

நம்மவர் நிலை இன்னும் சுவாரசியம். அட்டையில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர், தமிழ்நாட்டு உறவினருக்கு எழுதும்போது அப்பாவின் தலைப்பெழுத்து. கோயில் அர்ச்சனைப் பதிவுக்குத் தளம் செய்தபோது அதில் முதலில் அடையாள அட்டை எண்ணைக் கேட்டிருந்தேன். மாநில எண், நகரியக் குறியெழுத்து, குடியுரிமை வகை, ஆறிலக்க எண் என்று அது ஒரு முழு ரயில் வண்டி. குருக்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்பாளுக்கு இதெல்லாம் எதற்கு? பெயரும் நட்சத்திரமும் கேளப்பா" என்றார். இப்போது அந்தப் படிவத்தில் இரண்டே கட்டங்கள். பெயர்க் கட்டத்தின் மேல் 'வீட்டில் அழைக்கும் பெயர்' என்று எழுதியிருக்கிறேன். நான் செய்த படிவங்களில் ஒருவர்கூடப் புகார் சொல்லாதது அது ஒன்றுதான்.

சென்னை அத்தை மகன் கேட்டது: உங்கள் ஊர் நேரத்தில் என்ன அரை மணி?

எங்கள் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இந்தியா ஐந்தரை. ஆகவே உனக்கும் எனக்கும் சரியாக ஒரு மணி நேர வித்தியாசம், உனக்குச் சிக்கலே இல்லை. நேரத்தை முழு மணியாக மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கருவிகளைச் செய்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

இன்னொன்றும் அவனுக்குச் சொன்னேன். பர்மிய எண்களுக்குத் தனி வடிவம் உண்டு. இங்கே அது அருங்காட்சியகப் பொருள் அல்ல, பஸ்ஸில், விலைப்பட்டியலில், கைபேசி எண்ணில் என்று அன்றாடம் புழங்குவது. ஜாவாஸ்கிரிப்டின் இலக்கச் சோதனைக்கு 0 முதல் 9 வரையிலான வழக்கமான வடிவம் மட்டுமே தெரியும். மீன் கடைக்காரம்மா தன் கைபேசி எண்ணைச் சரியாக அடித்திருந்தும், 'எண்களை மட்டும் நிரப்பவும்' என்று படிவம் சிவப்பில் அதட்டியது. அந்தம்மா எண்களை மட்டும்தான் நிரப்பியிருந்தார். படிவத்தை எழுதியவன் நான்.

எந்த ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பைக் கற்க வேண்டும்? ரியாக்டா, வூயா?

எதையாவது கற்றுக்கொள்ளுங்கள். இணையப் பக்கத்தின் அடிப்படை மொழியான எச்.டி.எம்.எல். தெரியாமல் மட்டும் தொடங்காதீர்கள்.

சரி, கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். 1995 மே மாதம் பிரெண்டன் ஐக் பத்து நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அவசரத்தில் வைத்த விறகடுப்பில் இன்று உலகமே சமைக்கிறது. 2016 மார்ச்சில் ஒருவர் தன் பதினொரு வரி நிரலை, நிரலாளர்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும் எத்தனையோ பெரிய திட்டங்கள் கட்டமுடியாமல் நின்றன. சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் வேலைதான் அந்தப் பதினொரு வரிக்கு. அதற்கும் பிறரை நம்பியிருந்தோம்! நான் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்த அசையும் பட்டாசுகளும் தேர்களும், அது நிறுத்தப்பட்ட 2020 டிசம்பர் 31ஓடு முடிந்துபோயின. அதே ஆண்டுகளில் வெறும் எச்.டி.எம்.எல்.இல் அடித்த கோயில் வரலாற்றுப் பக்கம் இன்றும் எந்தக் கைபேசியிலும் திறக்கிறது. பார்க்க அழகாக இருக்காது. பின்னணி நிறம் மாம்பழ மஞ்சள்.

கடைக்கு ஃபேஸ்புக் பக்கம் போதாதா? எதற்குத் தனித் தளம்?

இந்த நாட்டில் நியாயமான கேள்வி. 2000களில் இங்கே ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கும் மேல் விற்ற காலம் உண்டு. 2014இல் ஊரேடூ, டெலினார் என்ற வெளிநாட்டுக் கைபேசி நிறுவனங்கள் வந்தபோது அது 1500 கியாட்டுக்குக் கிடைத்தது. கணினியைத் தொட்டே பார்க்காத பல லட்சம் பேர் நேராகக் கைபேசிக்கு வந்தார்கள். அவர்களுக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக்.

பிறகு 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தடுக்கப்பட்டது. பல வாரங்கள் இரவு 1 மணி முதல் காலை 9 வரை இணையமே கிடையாது. மார்ச் நடுவில் கைபேசித் தரவும் நின்றது. வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர், படம் எல்லாவற்றையும் அங்கேயே வைத்திருந்த ஒரு துணிக்கடைக்காரர், "என் கடைக்கு நானே போக முடியவில்லை" என்றார். தனித் தளம் இருந்திருந்தால் அந்த நாட்களில் அதுவும்தான் திறந்திருக்காது; அதை மறைக்கவில்லை. ஆனால் பட்டியலின் ஒரு நகல் அவர் மேசை இழுப்பறையில் இருந்திருக்கும். இப்போது நான் கட்டும் எந்தத் தளத்திலும், எல்லாவற்றையும் சாதாரண உரைக் கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வைக்கிறேன். கேட்காவிட்டாலும் வைக்கிறேன்.

மின்சாரம் இல்லாத நேரத்தில் எப்படி வேலை செய்கிறீர்கள்?

மடிக்கணினி, ஒரு பழைய லாரி பேட்டரி, இன்வெர்ட்டர். சர்வரை என் கணினிக்குள்ளேயே ஓட்டுகிறேன். கையேடுகளை எல்லாம் இறக்கிவைத்திருக்கிறேன். இணைய இணைப்பு இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நிரல்திருத்தியை வாங்கச் சொல்லி யாராவது விளம்பரம் அனுப்பினால், பதில் எழுதக்கூட மின்சாரம் செலவழிப்பதில்லை.

எந்தக் கணினி வாங்கலாம்?

இரண்டாம் கை திங்க்பேட். உதிரி கிடைக்கிறது, திருப்புளி போட்டுத் திறக்க முடிகிறது. என் விசைப்பலகையில் ஆங்கிலம் அச்சில், பர்மியம் ஒட்டுத்தாளில், தமிழ் விரலில். வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ் 99 விசை அமைப்பின் ஒட்டுத்தாள் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். பர்மிய ஒட்டுத்தாளின் மேல் ஒட்டிவிட்டு வீட்டில் திட்டு வாங்கியவர்கள் உண்டு.

செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையைப் பறித்துவிடாதா?

கொஞ்சம் பறித்துவிட்டது. நானும் பயன்படுத்துகிறேன். சிறு நிரலை நன்றாகவே எழுதுகிறது. ஒரு விஷயம் மட்டும் பழைய குறுஞ்செய்திக் கணக்கை நினைவூட்டுகிறது: ஆங்கில வாக்கியத்தைவிட அதே பொருளுள்ள பர்மிய, தமிழ் வாக்கியங்களை அது அதிகத் துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. கட்டணம் துண்டுக் கணக்கில். நம் எழுத்துக்கு மட்டும் எப்போதும் சுங்கம் கூடுதல்.

தாத்தா அடித்த பழைய தமிழ்க் கோப்பு ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். சில விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிறுக்கலாகத் தெரிகிறதே என்று எதையும் திருத்தாதீர்கள். நீங்கள் குப்பை என்று அழிக்கும் அரைப்புள்ளி யாரோ ஒருவர் பெயரின் ஒற்றெழுத்தாக இருக்கும். வேறு எழுத்துருவில் மாற்றிச் சேமிக்காமல் இருந்தபடியே அனுப்புங்கள். பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதன் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுங்கள். ஒரு பக்கமாவது அச்சிட்ட தாள் வீட்டில் கிடந்தால் அதைக் கைபேசியில் படம் எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தாத்தா இருக்கிறார் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு அவரையே அழைத்துவாருங்கள். நான் வாசிக்கிறேன்.